ராட்சசனுக்குப் பேர் வைக்கும் உத்தியோகம்

போன மாதம் பாகூர் வாசகசாலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் படிக்கிறவள், கையில் தடிமனாக ஒரு நாவல். ஆயிரம் வருஷம் கழித்து நடக்கிற கதையாம். ஆகாயத்தில் ஒரு கப்பல், அதில் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் வேறொரு சூரியனைத் தேடிப் போகிறது. "தாத்தா, நீங்க வெள்ளைக்காரன் காலத்துலயே இந்த மாதிரி கதைங்கள சத்தமா படிக்கிற வேல பாத்தீங்களாமே. இத படிச்சுப் பாத்துட்டு எங்க ஆண்டு மலருக்கு எதனா எழுதிக் குடுங்க" என்று வைத்துவிட்டுப் போனாள்.

முதல் பக்கத்திலேயே கப்பல் தலைவனை அவன் பெண்சாதி பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். பழைய பழக்கத்தில் தலையைத் தூக்கி, யார் எழுந்து போகிறார்கள் என்று பார்த்தேன். எதிரே என் மருமகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். இரண்டாம் பக்கத்தில் ஒரு இயந்திரமும் அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. இந்த ஆயிரம் வருஷத்தில் மனிதர்கள் வெளிச்சத்தை விட வேகமாக ஓடக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் 'அண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்ல அந்தக் கப்பலில் ஒரு நாதி இல்லை.

இந்த மாதிரி ஒரு பக்கத்தை அன்றைக்கு நான் வேலை பார்த்த பாகூர் கிட்டங்கியில், அதாவது கடலைக் கிடங்கில், படித்திருந்தால் உருப்படியாக வீடு திரும்பியிருக்க மாட்டேன். மாயக்கதையிலும் விஞ்ஞானக் கதையிலும் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதைத்தான் என் உத்தியோக காலம் முழுக்கப் பார்த்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்தேன். அதனால் அந்தப் பெண் கேட்டதை மறுக்க மனசு வரவில்லை.

நான் பாகூருக்குப் பக்கத்துச் சோரியாங்குப்பத்துக்காரன், அப்போது அது பிரெஞ்சுக்காரன் எல்லை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் செர்த்திபிகா என்கிற ஆரம்பப் படிப்புப் பரீட்சை வரை போனேன். பரீட்சை என்னைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டது. நான் குமாஸ்தா ஆக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. என் மேல் குமாஸ்தா உத்தியோகத்துக்கு எந்த ஆசையும் இல்லை. என்னிடம் இருந்த ஒரே சொத்து தொண்டை. வயலில் நின்று மாட்டை அதட்டினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் எல்லையில் மேய்கிற மாடும் திரும்பிப் பார்க்கும். அந்தத் தொண்டையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் ராவுத்தர் ஆள் அனுப்பினார்.

நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பாகூர் கடைத்தெருவில் ராவுத்தருக்கு ஒரு மல்லாட்டைக் கிட்டங்கி. அறுவடை முடிந்தால் வண்டி வண்டியாக வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் தெளித்து ஊறவைத்த காயைக் கையால் உடைத்துப் பருப்பு எடுப்பார்கள். பருப்பு முழுசாக இருந்தால்தான் கப்பலுக்குப் போகும். பிளந்தால் செக்குக்குப் போகும். அதே தெருவில் இன்னொரு கிட்டங்கி திறந்தது. அந்த முதலாளி மத்தியானம் பெண்களுக்கு மோர் கொடுத்தார். பாதிப் பேர் மோருக்குப் போய்விட்டார்கள். நாமும் மோர் கொடுக்கலாமே என்று சொன்னவர்களிடம் ராவுத்தர், "மோரு குடிச்சா தீந்துபோவும். தீராத வஸ்து எதனா குடுக்கணும்" என்றாராம். அந்தத் தீராத வஸ்து நான்.

எனக்கு நடந்த நேர்முகப் பரீட்சை சிறியது. ராவுத்தர் பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய தாள் ஒன்றை என்னிடம் நீட்டி, "படி" என்றார். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, வண்டி நிற்கிற மைதானத்தின் கோடியில் போய் நின்றார். நான் படித்தேன். ஏதோ இருமல் மருந்து விளம்பரம். திரும்பி வந்து, "கேக்குது. நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் அப்படித்தான். பேச்சைப் பருப்பு மாதிரி உடையாமல் எடுத்து வைப்பார், அதிகம் எடுக்க மாட்டார். நாள் முழுக்க மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒரு விசிப்பலகையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு பிடி பருப்பைக் கசக்கித் தோலை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருப்பார். கதை கேட்கவில்லை என்று பாவனை. ஆனால் சண்டைக் கட்டம் வரும்போது ஊதுகிற சத்தம் நின்றுவிடும். சந்திரனுக்குப் போகிற கதை ஒன்றை ஆரம்பித்தபோது சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்க போறவன் தொழறதுக்கு எந்தப் பக்கம் திரும்புவான்?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமான கவலை. புத்தகத்தில் போடவில்லை என்றேன். "அப்ப எழுதினவன் சரியா ரோசன பண்ணல" என்றார்.

இந்த வேலையில் நாங்களாக ஒரு முறை வைத்திருந்தோம். வெறுமனே படித்துக்கொண்டே போனால் பெண்கள் தூங்கி வழிவார்கள், கை நின்றுவிடும். அதனால் நாலு வரிக்கு ஒரு தரம் நான் கேள்வி கேட்பேன். "அப்போ குகைக்குள்ள யார் வந்தது?" அவர்கள் கை நிற்காமல் எல்லோரும் சேர்ந்து பேரைச் சொல்ல வேண்டும். சொன்னால் கதை நகரும், சொல்லாவிட்டால் நகராது. முப்பது பெண்கள் ஒரே குரலில் பேர் சொல்கிற சத்தத்தில் மோர்க்காரர் கிட்டங்கியே அதிரும்.

முதல் வாரமே இதில் பெரிய பள்ளம் விழுந்தது. கதாநாயகன் பேர் கோவிந்தன் என்று இருந்தது. "யார் வந்தது?" என்றால் நாலைந்து வாய் மூடிக்கொண்டது. ஒருத்திக்குப் புருஷன் பேர் கோவிந்தன், ஒருத்திக்கு மாமனார் பேர், ஒருத்திக்கு மூத்தார் பேர். கட்டினவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். பிரெஞ்சுச் சட்டத்தை விட அதற்கு வலு அதிகம். மறுநாள் ராஜா பேர் ஆறுமுகம். வேறு நாலு வாய் மூடிக்கொண்டது. சந்திரன் என்கிறவனுக்கு வாக்கப்பட்ட ஒருத்தி இருந்தாள், பாவம். சந்திரனுக்குப் போகிற கதை முழுக்க 'மேல இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தில் இருக்கிற பேரையே வைத்துக்கொள்ளலாம் என்றாலும் முடியாது. அந்தக் காலத்து மாயக்கதைகளில் ஆகாயத்தில் பறக்கிறவன் பேரை உச்சரிப்பதற்குள் அவன் இறங்கிவிடுவான். மார்த்தாண்ட விசித்திர என்று தொடங்கி வர்மனில் முடிகிறதற்குள் ஒரு படி மல்லாட்டை உடைத்துவிடலாம்.

ஆகவே ஒவ்வொரு புதுக் கதைக்கும் முன்னால் பேர் களைகிற வேலை வந்தது. பெண்களைக் கூட்டி வருகிற மேஸ்திரி குப்பம்மா. நல்ல உயரம், வாய் அதைவிட நீளம். அவள் வரிசையாக எல்லோரையும் கேட்பாள். யாரும் தன் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள், பக்கத்தில் இருக்கிறவள் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிறவள் ஓரகத்தியாக இருந்தால் அதற்கும் அடுத்தவள். இப்படிக் கிட்டங்கி முழுக்க ஆம்பிளைகள் பேரெல்லாம் ஒரு சுற்று வந்து முடியும்போது மிஞ்சுகிற பேர் யாருக்கும் புருஷனாகவோ மாமனாகவோ இல்லாதவன் பேர். அவன்தான் கதாநாயகன். ஒரு தடவை அப்படி மிஞ்சினது சாராயக் கடைக்காரன் பேர். அவனே பறக்கும் குதிரையில் ஏறி ஏழு கடல் தாண்டினான்.

கதாநாயகன் பேரில்தான் இந்தக் கட்டுப்பாடு. ராட்சசன் விஷயம் வேறு.

ஒரு நாள் வேலை விட்டதும் ஒரு பெண்பிள்ளை, நல்லவாடு குப்பத்துக் கருவாட்டை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு என் பக்கமாக வந்தாள். "கதக்காரரே, நாளைக்கு ஒரு பூதம் வருதுன்னு சொன்னியே, அதுக்கு இன்னா பேரு?" இன்னும் வைக்கவில்லை என்றேன். "எங்க வூட்டுக்காரரு பேர வையேன்." நீ எப்படிச் சொல்லுவாய் என்று கேட்டேன். "நான் வாயத் தொறக்க மாட்டேன். மத்தவளுவ சொல்லி ஒதைக்கட்டும், நான் கேக்கறேன். நேத்து ராத்திரி இன்னா அடி அடிச்சான் தெரியுமா?" என்று முதுகைக் காட்டினாள். நான் வைத்தேன். மறுநாள் முப்பது பெண்கள் அந்தப் பேரைக் காறித் துப்பிக்கொண்டு பருப்பு உடைத்தார்கள். அவள் மட்டும் வாய் திறக்காமல், கோயிலில் உட்கார்ந்தவள் முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கருவாட்டுக்குப் பஞ்சமில்லை. ராட்சசன், சூனியக்காரன், ஒற்றைக்கண்ணன், ஆளை விழுங்கும் முதலை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பேர் பதிவானது. பாகூர்ப் பக்கத்தில் அடி கொடுக்கிற புருஷன்களுக்குத் தலை ஒன்றிலிருந்து பத்து வரை முளைத்தது.

விஷயம் எத்தனை நாள் ஒளிந்திருக்கும்? அப்படிப் பேர் போன ஒரு புருஷன் கையில் பூண் போட்ட தடியோடு கிட்டங்கிக்கு வந்துவிட்டான். "எவன்டா எம்பேர பூதத்துக்கு வச்சவன்?" நான் புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு எழுந்தேன். மூட்டைக்குப் பின்னாலிருந்து ராவுத்தர், "படிப்ப நிறுத்தாத, ஊறவச்ச காயி காஞ்சிடும்" என்றார். வேறு வழியில்லாமல் படித்தேன். அவன் தடியோடு நின்றான். அப்புறம் தடியைச் சாய்த்து வைத்தான். அப்புறம் குந்தினான். அவன் பேர் கொண்ட பூதம் ஒரு மலையைப் பெயர்த்துத் தோளில் வைக்கிற கட்டம் அது. வேலை விட்டதும் என்னிடம் வந்து, கொஞ்சம் கூச்சத்தோடு, "இந்தா, அது சாவற நாளு எப்போன்னு முன்னாடியே சொல்லு. நான் ஏரு கட்டாம வரேன்" என்றான். அது செத்த அன்றைக்கு வந்து அழுதுவிட்டுப் போனான். பெண்சாதியை அடிப்பதை விட்டானா என்று கேட்காதீர்கள். குறைத்தான் என்று குப்பம்மா சொன்னாள், அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ராவுத்தர் என் வேலையில் தலையிட்டது ஒரே விஷயத்தில். கதையில் யுத்தம் வருகிற நாளில் பருப்பு அதிகம் பிளக்கிறது என்று கண்டுபிடித்தார். ஆவேசத்தில் பெண்கள் நசுக்கிவிடுகிறார்கள். உடனே உத்தரவு போட்டார். சண்டையெல்லாம் புடைக்கிற நேரத்தில் படிக்க வேண்டும், உடைக்கிற நேரத்தில் காதல். இதனால் என் கதைகளில் சுயம்வரம் காலையில் நடக்கும், அதற்குக் காரணமான போர் சாயங்காலம் நடக்கும். ஒருத்தியும் குறை சொன்னதில்லை.

இனி அஞ்சலை கதைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டதே இதைச் சொல்லத்தான்.

அஞ்சலைக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, புருஷன் ஏகாம்பரம் பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனுக்குக் கப்பல் ஏறினான். அங்கே மார்க்கெட் குத்தகைக்காரர் ஒருவரிடம் காவல் வேலை. முதலில் காகிதம் வந்தது, அப்புறம் யுத்தம் வந்தது, கப்பல் நின்றது. அவனிடமிருந்து மூச்சு இல்லை. அஞ்சலைக்குக் குழந்தை இல்லை. ஏகாம்பரம் பங்குக்கு ஒரு கூரை வீடும் அதையொட்டி ஒரு துண்டு நஞ்சையும் இருந்தன. அவள் அங்கே தனியாக இருந்துகொண்டு கிட்டங்கிக்கு வந்துபோனாள்.

ஏகாம்பரத்தின் அண்ணன் தருமலிங்கம் எங்கள் கிட்டங்கியிலேயே சாக்கு தைக்கிறவன். அவனுக்குத் தம்பி மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. தம்பி செத்துவிட்டான், அவன் ஆவி அலைகிறது, காரியம் செய்யாமல் விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினான். எங்கள் பக்கத்தில் ஆள் கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஒரு உருவம் செய்து கொளுத்திக் கருமாதி பண்ணிவிடுவார்கள். சர்க்கார் கணக்கில் ஒருத்தனைச் சாகடிக்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், வருஷக்கணக்கில் ஆகும். ஊர்க் கணக்கில் ஒரு கட்டுப் புல் போதும். அந்தப் புல் எரிந்தால் அஞ்சலை தாலியைக் கழற்ற வேண்டும். வீட்டையும் நஞ்சையையும் மூத்தாரிடம் விட்டுவிட்டுக் கரையாம்புத்தூரில் தாய்வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு மூலையில் போய் உட்கார வேண்டும். அமாவாசைக்கு நாள் குறித்தாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டிவிட்டார்கள்.

அப்போதுதான் நான் அந்தச் சந்திரன் கதையைத் தொடங்க இருந்தேன். ஒருவன் இரும்புப் பறவை செய்து அதில் சந்திரனுக்குப் போகிறான். அங்கே ஒரு ராணி ஏதோ பானம் கொடுக்கிறாள். குடித்தவன் தன் ஊர், தன் வீடு, தான் யார் என்பதையெல்லாம் மறந்துவிட்டு அவளுடைய செக்கை இழுத்துக்கொண்டிருப்பான். முன்னாலேயே போய் மாட்டிக்கொண்ட ஆம்பிளைகள் அங்கே நூற்றுக்கணக்கில்.

பேர் களைகிற அன்றைக்கு அஞ்சலை, பக்கத்தில் இருந்த குப்பம்மா காதில் என்னவோ சொன்னாள். குப்பம்மா என்னைப் பார்த்து, "கதக்காரரே, இந்தத் தரம் கதாநாயகனுக்கு ஏகாம்பரம்னு வை" என்றாள். அது களைய வேண்டிய பேர் ஆயிற்றே என்றேன். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டே, "நான் சொல்ல மாட்டேன் அண்ணே. மத்தவங்க சொல்றது காதுல விழட்டும். எங்க வூட்டுல அந்தப் பேரச் சொல்ல ஆளே இல்ல. மூத்தாரு வூட்டுல செத்தவன்னுதான் சொல்றாங்க" என்றாள். புத்தகத்தின் ஓரத்தில் அந்தப் பேரை எழுதிக்கொண்டு, சரி என்றேன்.

அப்புறம் தினமும் "யார் வந்தது?" என்றால் "ஏகாம்பரம்!" என்று கிட்டங்கி அதிரும். தருமலிங்கத்துக்கும் கேட்கும். சாக்கில் ஊசியை மட்டும் கொஞ்சம் ஓங்கிக் குத்துவான்.

அமாவாசைக்கு முந்தின நாள் கதை முக்கியமான இடத்துக்கு வந்தது. கதாநாயகன் பெண்சாதி இன்னொரு இரும்புப் பறவை ஏறிச் சந்திரனுக்கு வந்துவிடுகிறாள். எப்படிச் செய்தாள் என்று கேட்காதீர்கள், எழுதினவர் அதில் அரைப் பக்கம்கூடச் செலவழிக்கவில்லை. அவள் கண்முன்னால் நூற்றுக்கணக்கான ஆம்பிளைகள் குனிந்த தலையோடு செக்கிழுக்கிறார்கள். எல்லோர் முகமும் மாவு பூசி ஒரே மாதிரி. தாலி கட்டிக்கொண்டவளே கூப்பிட்டால்தான் மயக்கம் தெளியும். கூப்பிட ஒரே ஒரு சந்தர்ப்பம். தவறினால் ராணி வந்துவிடுவாள்.

பட்டணத்தில் உட்கார்ந்து எழுதினவர், அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று ஒரே வரியில் முடித்திருந்தார். அந்த வரியைப் படித்தால் கிட்டங்கி ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பொதுவாகக் கேட்டேன்: "எப்படிக் கூப்பிட்டா?"

"இன்னாங்கன்னு கூப்பிட்டா" என்றாள் ஒருத்தி.

"அய்ய, அத்தினி பேரும் எவளுக்கோ இன்னாங்கதான? நூறு தலயும் ஒண்ணா தூக்கும்" என்றாள் குப்பம்மா.

"மாமான்னு?"

"அதுவும் அப்பிடித்தான். அங்க எல்லாம் மாமனுங்கதான்."

"பாகூர்காரரேன்னு கூப்பிடலாமே."

"பாகூர்காரனுங்க எத்தினி பேரு போய் மாட்டிகினு இருக்கானுங்களோ!"

"புள்ள பேரச் சொல்லி, இன்னாரோட அப்பாவேன்னு…" என்று ஆரம்பித்தவள் அஞ்சலையைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நாம கூப்பிடலாமா, அவளுக்குப் பதிலா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். கூப்பிட முடியாது, தாலி கட்டிக்கொண்டவள்தான் கூப்பிட வேண்டும் என்று நான் சொன்னேன். கதையில் அப்படித்தான் இருக்கிறது.

கைகளெல்லாம் நின்றுவிட்டன. மூட்டைக்குப் பின்னால் ஊதுகிற சத்தமும் நின்றுவிட்டது. ஊறவைத்த காய் காயட்டும் என்று ராவுத்தர் விட்டுவிட்டார் போலிருக்கிறது. எல்லோரும் அஞ்சலையைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்துகொண்டே அவளைப் பார்த்தார்கள்.

அஞ்சலை எழுந்து நின்றாள். மடியிலிருந்த காய் கொட்டியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஏகாம்பரம்!" என்றாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை குரல் வந்தது. மூன்றாம் தடவை கத்தினாள், வண்டி மைதானத்தில் நின்ற மாடெல்லாம் மிரளும்படி கத்தினாள்.

தருமலிங்கம் கையில் கோணி ஊசியோடு பாய்ந்து வந்தான். "அடிப்பாவி! கட்டினவன் பேர வாய்விட்டுக் கூவிட்டியே! எந்தம்பி ஆயுசக் கொறச்சுட்டியேடி! கேட்டீங்களா எல்லாரும், எந்தம்பி ஆயுச அறுத்துட்டா இவ!"

பெண்கள் நடுங்கிப்போனார்கள். செய்யக்கூடாததைத்தான் செய்துவிட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான்தானே கேட்டேன், எப்படிக் கூப்பிட்டாள் என்று.

அஞ்சலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூட்டைப் பக்கம் திரும்பி நின்றாள். மூத்தாரிடம் அவள் நேராகப் பேசினதே கிடையாது, எந்தப் பெண்ணும் பேச மாட்டாள். அப்போதும் பேசவில்லை. குப்பம்மாவிடம்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

"யக்கா, மூத்தவரக் கேளு. செத்துப்போனவருக்கு எந்த ஆயுசு கொறையும்னு கேளு."

குப்பம்மாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தருமலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "கேக்கறா பாரு. சொல்லு. எந்த ஆயுசு?"

"அது… ஒரு பேச்சுக்குச் சொன்னது" என்றான் தருமலிங்கம்.

ராவுத்தர் மூட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். கதை நேரத்தில் அவர் அப்படி வெளியே வந்து நான் பார்த்ததில்லை. உள்ளங்கையில் பருப்பு இன்னும் இருந்தது. "எந்தப் பேச்சுக்கு? தம்பி உசுரோட இருக்கிற பேச்சுக்கா, செத்த பேச்சுக்கா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. உசுரோட இருக்கான்னா நாளைக்குப் புல்லு கொளுத்தற வேல இல்ல. செத்துட்டான்னா அந்தப் பொண்ணு பேரு சொன்னதுல குத்தம் இல்ல, நீ கத்தினதுதான் குத்தம்."

தருமலிங்கம் கூரையைப் பார்த்தான், ஊசியைப் பார்த்தான். "ஆயுசு கொறையும்னு நீதான சொன்ன? முப்பது பேரு கேட்டோம்" என்றாள் குப்பம்மா. உடனே முப்பது பெண்களும், என் கேள்விக்குப் பதில் சொல்கிற அதே குரலில், "கேட்டோம்!" என்றார்கள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"சாக்கு பாக்கி இருக்குது, தை" என்றார் ராவுத்தர். என்னைப் பார்த்து, "படி" என்றார்.

மறுநாள் அமாவாசை. ராவுத்தர் சட்டை போட்டுக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் போய், தருமலிங்கம் வாயாலேயே தம்பி உயிரோடு இருப்பதாகச் சொன்னான், நான் சாட்சி என்று சொல்லிவிட்டு வந்தார். பெரியவர்கள் போன வாரம் எந்தப் பக்கம் தலையாட்டினார்களோ அதற்கு மறுபக்கம் ஆட்டினார்கள். கொண்டுவந்திருந்த புல்லை யாரோ மாட்டுக்குப் போட்டார்கள், மாடு தின்னவில்லை. அதற்குப் பிறகு தருமலிங்கம் எங்கே வாயைத் திறந்தாலும், "உந்தம்பி ஆயுசு எப்பிடி இருக்குது?" என்று ஏதாவது ஒரு பெண் கேட்பாள். அவன் மோர்க்காரர் கிட்டங்கிக்கு வேலை மாறிப் போய்விட்டான்.

வீடு நின்றது, தாலி நின்றது. ஆனால் அஞ்சலைக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் வேலை விட்டதும் என்னிடம் வந்தாள். "அண்ணே, நெசமா சொல்லு. ஒரு தரம் சொன்னா எவ்ளோ கொறையும்? நான் மூணு தரம் சொல்லிட்டேன்." கண்ணெல்லாம் தண்ணீர். மூத்தாரை மடக்கினவள்தான், ஆனால் அந்தச் சட்டத்தை அவளும் நம்பினாள். நான் சொன்னேன்: "கூப்பிட்டா ஆயுசு கொறையும்னா, எங்கம்மா என்னக் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு நான் தூளியிலயே போயிருக்கணும் தாயே." அவள் சிரித்தாள். நம்பினாளா என்று தெரியாது. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு கதையிலும் கதாநாயகன் பேர் ஏகாம்பரம்தான் என்று கிட்டங்கியில் முடிவாகிவிட்டது. அவன் பாதாளத்தில் விழுந்தாலும், கல்லாய்ச் சமைந்தாலும், கண்ணாடிக் குடுவையில் அடைபட்டாலும், கூப்பிடுகிற இடம் வரும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அஞ்சலை கூப்பிடுவாள். போகப்போக எழுந்திருக்கக்கூட மாட்டாள், காய் உடைத்துக்கொண்டே கூப்பிடுவாள்.

யுத்தம் முடிந்தது. கப்பல் விடத் தொடங்கினார்கள். சைகோன்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், சிலர் பெட்டியோடு, சிலர் இருமலோடு. ஏகாம்பரத்தைப் பற்றிக் கேட்டால் ஒருத்தரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் படித்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றான். கையில் தகரப் பெட்டி, தலையில் துணித் தொப்பி. கன்னம் ஒட்டிப்போய் முடியெல்லாம் நரைத்திருந்தது. ராவுத்தரைப் பார்க்க வந்த வியாபாரி என்று நினைத்து நான் படிப்பை விடவில்லை. அவன் உள்ளே வரக் கூச்சப்பட்டு, பெண்கள் வரிசையைக் கண்ணால் தேடிக்கொண்டு நின்றான்.

அஞ்சலை நிமிர்ந்தாள். பெண்டாட்டி புருஷனைக் கூப்பிட எங்கள் ஊரில் எத்தனையோ வார்த்தை இருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு அவள் வாயில் வரவில்லை. தினமும் பழகின வார்த்தைதான் வந்தது.

"ஏகாம்பரம்!"

அவன் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். அவள் குரலில் தன் பேரை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு அவன் மெல்ல இந்தப் பக்கம் திரும்புவதற்குள், அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள்.